சென்னை – யாழ்ப்பாணம்: ஊரைத் தாண்டிப் போய் ஊருக்கு வருவது

சென்ற வாரம் பார்த்த சிங்கப்பூர் – நியூயார்க் விமானம் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. இந்த வாரத் தூரம் அதில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு வான்வழியில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். கோயம்புத்தூரே இதைவிடத் தொலைவு.

ஆனால் இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலம் முழுவதும், போர் ஓய்ந்து பத்தாண்டுகள் ஆன பிறகும், இந்தத் தூரத்தை நேராகக் கடக்கப் பயணிகள் விமானம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் சென்னைக்கு வர, முதலில் எதிர்த்திசையில் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. தரைவழியில் 400 கிலோமீட்டர். பெரும்பாலும் இரவு பஸ். பிறகு கட்டுநாயக்கவில் விமானம் ஏறி வடக்கே 645 கிலோமீட்டர். மொத்தத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு.

வரைபடத்தில் கட்டுநாயக்கவையும் மீனம்பாக்கத்தையும் ஓர் அடிக்கோலால் இணைத்துப் பாருங்கள். கோடு வில்பத்துக் காட்டைக் கடந்து, மன்னார்ப் பெருநிலத்தைத் தொட்டு, யாழ்ப்பாண நகரத்தின் மேலேயே போகிறது. இரவெல்லாம் கண்விழித்துத் தெற்கே போனவர், நேர்கோட்டில் பறந்தால், ஏறிய அரை மணி நேரத்தில் தன் வீட்டுக்கு மேலேயே திரும்பி வந்துவிடுவார். இறங்கத்தான் முடியாது! மருத்துவத்துக்காகச் சென்னைக்கு வந்த எத்தனை முதியவர்கள் இந்தச் சுற்றுவழியில் அலைந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

இத்தனைக்கும் வழி பழையது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானமான டகோட்டா, இரத்மலானையில் கிளம்பி, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகத்தான் மெட்ராஸுக்கு வந்தது. அந்த நிறுவனம் 1978இல் மூடப்பட்டது. பிறகு போர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த பலாலி ஓடுபாதை மறுபடி படைத்தளமானது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் வந்தது.

அட்டவணையில் பயண நேரம் ஒன்றேகால் மணி. 355 கிலோமீட்டருக்கு இவ்வளவா என்று கேட்கலாம். வருவது ஏ.டி.ஆர். 72, இறக்கை விசிறிகள் சுழலப் பறக்கும் எழுபது சொச்சம் இருக்கைகள் கொண்ட விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மேலேறுவதும், இறங்கத் தாழ்வதும் அந்த எழுபத்தைந்து நிமிடத்துக்குள் அடக்கம்.

பெரிய ஜெட் ஏன் வரவில்லை? பலாலியில் சீரமைத்த ஓடுபாதை அதற்குப் போதாது. நீட்டவேண்டும் என்ற பேச்சு தொடர்ந்து இருக்கிறது. நீட்டத்தான் வேண்டும். ஆனால் சுற்றியுள்ள மண் வலிகாமம் வடக்கு மக்களுடையது. 1990இல் இடம்பெயர்ந்த அவர்களின் காணிகளில் ஒரு பகுதி இன்னும் இராணுவத்தின் கையில் இருக்கிறது. அவர்களைக் கேட்காமல், உரிய ஈடு கொடுக்காமல் ஓடுபாதை ஓரடிகூட நீளக்கூடாது.

(தொடரும்)