அலைவாய்த் தூண்டிலுக்கு எந்த நூல்?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து கலைகையில், புதிதாக மாற்றலாகி வந்துள்ள அன்பர் ஒருவர் நம்மை வாயிலில் நிறுத்தினார். "சார், நீங்கள் பொன்னானிக் கடற்கரைக்குத் தூண்டில் போடப் போவதாகச் சொன்னார்கள். கடையில் நூல் கேட்டால் பத்து விதம் எடுத்துக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?" என்று வினவினார். நின்ற நிலையிலேயே ஏதோ விடை கூறி அனுப்பினோம். வீடு திரும்பிய பின்னர், கூறியது போதாதென்றும், கூறாமல் விட்டதே முக்கியமானதென்றும் தோன்றிற்று. விட்டதை இங்கே எழுதுகிறோம்.

கல்பாத்தியிலிருந்து கொண்டு மீன்தூண்டிலைப் பற்றி எழுதுவதா என்று அக்கிரகாரத்து அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களும் இளமையில் பட்டத்துக்கு நூல் தேர்ந்தவர்களே. காற்று என்னுமிடத்தில் நீர் என்று வைத்துப் படித்தால் இக்கட்டுரையில் பாதி அவர்களுக்கும் பொருந்தும். அன்றியும், நம் தெருக்களை ஒட்டி ஓடும் கல்பாத்திப் புழை பறளியில் கண்ணாடிப் புழையோடு கூடிப் பாரதப்புழையாகிப் பொன்னானியில்தான் கடலைச் சேர்கிறது. ரயிலும் பறளி, ஒற்றப்பாலம், பட்டாம்பி என்று அந்த ஆற்றை விட்டு அதிக தூரம் விலகாமலே சென்று நம்மைக் குற்றிப்புறத்தில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து பஸ். ஐப்பசித் தேர் நிலைக்கு வந்த பின்னர், கடல் சற்று அடங்கியிருக்கும் மாதங்களில், விடுமுறை வாய்க்கும் ஞாயிறுகளில் நம் பிரயாணம் இதுவே.

நம் பாட்டனார் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடலோரக் கிராமத்தவர். தந்தையார் ரயில்வேப் பணியில் இப்பக்கம் வந்து குடியேறியவர். அவர்கள் இருவர் கையிலும் கோல் இருந்ததில்லை; கைத்தூண்டில்தான். ஒரு கட்டையிலோ கண்ணாடிப் புட்டியிலோ நூலைச் சுற்றி, முனையில் ஈயக்குண்டும் முள்ளும் கட்டி, தலைக்கு மேலே சுழற்றி அலைக்கு அப்பால் எறிவார்கள். அந்த நைலான் நூலைத் தந்தையார் தங்கூசி என்பார். இங்குள்ள மலையாளிகள் தங்கூஸ் என்கிறார்கள். மலாயாவில் பணிபுரிந்து திரும்பிய உறவினர் ஒருவர், அங்கே அதற்குத் தாங்சி என்று பெயர் என்றார். கடலோரத்துச் சொல் கப்பலேறிப் போகும் தூரம் வியக்கத்தக்கது.

பாட்டனார் காலத்துக்கும் முற்பட்டவர்கள் பருத்தி நூலைப் பயன்படுத்தினர். உப்பு நீரில் அது விரைவில் இற்றுவிடும். ஆதலால் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து உலர்த்துவார்கள். 1935இல் அமெரிக்காவில் கரோதர்ஸ் என்னும் இரசாயன நிபுணரின் குழுவினர் நைலானைக் கண்டுபிடித்தனர். சில ஆண்டுகளில் அது தூண்டில் நூலாகவும் வந்தது. இற்றுப் போகும் தொல்லை அத்துடன் ஒழிந்தது. ஒழிந்தது நன்மை மட்டுமன்று என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

நாம் முதன்முதலில் பன்னிரண்டு அடிக் கோலும் ரீலும் வாங்கியபோது, நூலைப் பற்றி யோசிக்கவே இல்லை. தந்தையாரின் கட்டையில் இருந்த 0.70 மில்லிமீட்டர் நூலை அப்படியே ரீலில் சுற்றிக்கொண்டு புறப்பட்டோம். தடித்த நூல் பலமான நூல், பலமான நூல் நல்ல நூல் என்பது நம் கணக்கு. பலங்கொண்ட மட்டும் வீசியும் முப்பது தப்படிக்கு அப்பால் ஈயம் செல்லவில்லை. விழுந்த ஈயமும் நின்ற பாடில்லை. அலை நூலைப் பக்கவாட்டில் இழுக்க, ஐந்து நிமிஷத்தில் குண்டு, முள், இறால் இரை எல்லாம் இருபது தப்படி தள்ளி நம் காலடிக்கே வந்து சேர்ந்தன. மூன்று முறை இவ்வாறாயிற்று. அருகில் அமர்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, நூலை இரு விரலால் உருட்டிப் பார்த்து, "மோனே, இது மீன் பிடிக்குந்ந நூலோ, தோணி கெட்டுந்ந கயறோ?" என்றார். "காக்கா, கைத்தூண்டிலுக்கு நீங்களும் இதே தடிப்புத்தானே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்ப்பேறிய கையில் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய வெட்டுத் தழும்புகள்.

அப்பொழுதுதான் விளங்கிற்று. கைத்தூண்டில் நூல் தடித்திருப்பது மீனுக்காக மட்டுமன்று, கைக்காகவும்தான். மெல்லிய நூலைக் கையால் இழுத்தால் விரலை அறுக்கும். கோலும் ரீலும் வந்துவிட்ட பின்னர் அந்த வேலை நூலுக்கு இல்லை. காரணம் போன பின்னும் பழக்கத்தை மட்டும் நாம் சுமந்து வந்திருந்தோம்.

வீடு திரும்பியதும், குமாஸ்தாவின் வழக்கப்படி, காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எண்பது மீட்டர் நூல் நீரில் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். 0.70 மில்லிமீட்டர் தடிப்பானால், நீரோட்டம் மோதுவதற்கு அது கொடுக்கும் பரப்பு 560 சதுர சென்டிமீட்டர். ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட சதுரப் பலகையை அலையில் செங்குத்தாக நிறுத்திவிட்டு, அதை ஓர் ஈயக்குண்டு பிடித்து நிறுத்தும் என்று எதிர்பார்ப்பது போன்றதே நாம் செய்தது. 0.35 நூலானால் பலகை சரிபாதியாகிறது. ஆனால் வலிமை பாதியாவதில்லை, கால்பங்காகிறது; ஏனெனில் வலிமை நூலின் குறுக்கு வெட்டுப் பரப்பைப் பொறுத்தது. தரமான 0.35 நைலான் ஏறக்குறைய ஆறேழு கிலோ தாங்கும். கரையிலிருந்து நமக்குக் கிடைக்கும் கிழங்கானுக்கும் கத்தாளைக்கும் இது மிகையே. இரண்டு கிலோக் கெளிறு பிடித்தாலும் போதும். பெரிய திருக்கையோ கொடுவாயோ அகப்பட்டால், ரீலின் பிடியைச் சரியாகத் தளர்த்தி வைத்திருந்தோமானால் அது வழுக்கி நூலை விட்டுக்கொடுக்கும். மீனின் எடையளவுக்கு நூல் தாங்க வேண்டும் என்பது புதியவர்கள் எல்லோரும் கொள்ளும் தவறான எண்ணம்.

ஆகவே அடுத்த மாதம் 0.35 நூல் வாங்கிச் சுற்றினோம். தவறு மறுபக்கம் சாய்ந்தது. இதைத்தான் அந்த அன்பரிடம் சொல்லாமல் விட்டோம்.

அன்று ஒன்பது வயதுப் பையனும் உடன் வந்திருந்தான். 100 கிராம் ஈயம் கட்டி முழு வேகத்தில் கோலைச் சுழற்றினோம். படீரென்று ஒரு சப்தம். கை திடீரென்று இலேசாயிற்று. நூல் தளர்ந்து காற்றில் மிதந்தது. "அப்பா, ஈயம் எங்கே?" என்றான் பையன். கடலில் விழுந்ததாகத் தெரியவில்லை. இடப்புறம் சுமார் நூறு தப்படி தள்ளி, கரையில் ஏற்றி வைத்திருந்த தோணியின் பக்கப் பலகையில் அது மோதி மணலில் புதைந்து கிடந்தது. அந்தத் தோணிக்கு மறுபுறம் நான்கு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தனர். பலகையில் விழுந்த பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தோம். தோணிக்குரியவரிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை. கோலை மடக்கி உறையில் போட்டுக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பினோம். வீட்டில் இதைப் பையனே முந்திக்கொண்டு தாயிடம் கூறிவிட்டான். இரண்டு மாதம் நமக்குக் கடற்கரை அனுமதிக்கப்படவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

கவண்கல் போன்றதே அறுந்த ஈயம். வீசும் கணத்தில் நூல் மீது விழும் இழுப்பு குண்டின் எடையைப் போலப் பன்மடங்காகும். மெல்லிய நூல் அறுவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான், மீன் இழுக்கும்போது அன்று. இதற்கு உலகெங்கும் கடற்கரைத் தூண்டில்காரர்கள் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. ரீலில் மெல்லிய நூலே இருக்கட்டும். அதன் முனையில் தடித்த நூல் ஒரு துண்டை முடிந்து, ஈயத்தை அந்தத் தடித்த நூலில் கட்ட வேண்டும். கடைக்காரர்கள் இத்துண்டை லீடர் என்பார்கள். அளவும் எளிது: ஈயம் ஓர் அவுன்ஸுக்குப் பத்து ராத்தல் வலிமை, அதாவது 28 கிராமுக்கு நாலரைக் கிலோ. 100 கிராம் குண்டுக்குப் பதினாறு கிலோ தாங்கும் நூல் வேண்டும், நைலானில் 0.60 என்று வாங்கினால் போதும். நீளம் எட்டு மீட்டருக்குக் குறையலாகாது. வீசுவதற்காகக் கோலைச் சாய்த்துப் பிடித்த நிலையில், ஈயத்திலிருந்து கோல் நுனி வரை வந்து, கோல் நெடுகிலும் இறங்கி, ரீலிலும் நான்கைந்து சுற்றுத் தடித்த நூலே இருக்க வேண்டும் என்பதே அதன் காரணம். இழுப்பு முழுவதையும் அதுவே ஏற்கும். ஈயம் அலைக்கு அப்பால் விழுந்த பின்னர், நீரில் கிடப்பதில் பெரும்பகுதி மெல்லிய நூலாகிவிடும்.

இனி எந்தப் பொருளாலான நூல் என்னும் கேள்வி. கடையில் மூன்று வகை காட்டுவார்கள். நைலான் மலிவு, இழுத்தால் நீளும், அலையின் திடீர் வெட்டுக்கு அந்த நீட்சியே மெத்தை போல் உதவுகிறது, மணலின் உராய்வையும் ஓரளவு பொறுக்கும். நனைந்தால் வலிமை சிறிது குறையும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது பின்னல் நூல்; பிரெய்டு என்று கேட்டால் தருவார்கள். கடைப் பைகள் செய்யும் பாலிதீனின் நெருங்கிய உறவினனே அது, ஆயினும் மிக நீண்ட அணுக்கோவைகளால் ஆனது. 0.20 தடிப்பிலேயே பத்துக் கிலோவுக்கு மேல் தாங்கும், நீளவே நீளாது, மீன் இரையைத் தொட்டால் கோல் நுனியில் அக்கணமே தெரியும். ஆயின் விலை பன்மடங்கு. நீரைவிட இலேசாதலால் மிதக்கும். பாறையில் உரசினால் நொடியில் அறும். சாதாரண முடிச்சு அதில் வழுக்கிவிடும். வெறும் விரலால் வீசினால் விரல் போகும். மூன்றாவது ஃபுளூரோகார்பன். 1971இல் ஜப்பானில் தூண்டிலுக்கென வந்தது. நீருக்குள் கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாது என்பதே அதன் பெருமை. மணல் கலங்கிய அலைவாயில் எந்த மீன் கண்ணை நம்பி இரை தேடுகிறது? மோப்பம் பிடித்து வரும் கெளிற்றுக்காக அதனை வாங்குவது நம் அபிப்பிராயத்தில் வீண் செலவு. தெளிந்த நீரில் மீன் பிடிப்போர் வாங்கட்டும்.

புதியவருக்கு நாம் சொல்வது நைலானே. பழகிக் கை தேர்ந்து, விலை கொடுக்கவும் மனம் வந்தால் பிரெய்டுக்கு மாறலாம். அப்போதும் முனையில் நைலான் லீடர் தவிர்க்க முடியாது. பொன்னானியில் கடலுக்குள் நீளும் கல்லணையாகிய புலிமுட்டின் அருகே வீசுவதானால் 0.45க்குக் குறையாமல் சுற்ற வேண்டும். கல்லில் ஒட்டிய சிப்பிகள் கத்திக்கு நிகர்.

சில சிறு விஷயங்கள். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்த நைலான் உராய்வுச் சூட்டில் கெடும். நூல் நடுவே தானாக விழுந்த முடிச்சு அதன் வலிமையைப் பாதியாக்கிவிடும். சோம்பலின்றி அறுத்து மீண்டும் கட்டுவதே நலம். ஒவ்வொரு முறை வீசுமுன்னும் லீடரை விரலிடுக்கில் ஓட்டிப் பார்த்துச் சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட வேண்டும். உருண்டைக் குண்டு மணலில் உருளும். பட்டைக் கூம்பு நிற்கும். பாலக்காட்டு வெயிலில் ஜன்னலோரம் ரீலை வைத்துவிட்டு ஒரு கோடை முழுதும் நாம் மறந்திருந்தோம். எடுத்தபோது நூல் பழைய தையல் நூல் போல் அறுந்தது. அலமாரியின் இருட்டே அதற்கு ஏற்ற இடம்.

வெட்டியெறியும் துண்டுகளைப் பற்றி மேலே கூறுவதாகச் சொன்னோம். பருத்தி இற்று மண்ணாகும், நைலான் ஆகாது. பனிக்காலத்தில் பொன்னானி முகத்துவாரத்தில் கூடும் கடற்காக்கைகளில் ஒன்று, காலில் நூல் சுற்றி ஒற்றைக் காலால் தத்தித் தத்தி நின்றதை நாமே கண்டோம். நெருங்கினால் பறந்துவிட்டது, அவிழ்த்துவிட வழியில்லை. அது நம் நூலாகவும் இருந்திருக்கலாம். அன்று முதல் பையன் ஒரு பழைய மருந்துப் புட்டியைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். வெட்டிய துண்டெல்லாம் அதற்குள் போகும். பிறர் விட்டுச் சென்றதையும் பொறுக்குகிறான். புட்டி நிறைவது மீன் கூடை நிறைவதைக் காட்டிலும் விரைவாகவே நடக்கிறது.

முகத்துவாரத்தின் வாயிலில் மட்டும் இறங்க வேண்டாம். நீர் வடியும் நேரத்து இழுப்பு முழங்காலளவிலேயே ஆளைச் சாய்க்கும். தெற்கே தள்ளி, திறந்த மணற்கரையே நமக்கு ஏற்றது. வீசுமுன் இருபுறமும், பின்புறமும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பதைப் பையனின் வேலையாக்கியிருக்கிறோம். அவன் "சரி" என்ற பின்னரே கோல் எழும்.

கேள்வி கேட்ட அன்பர் வரும் ஞாயிறு புறப்படுவதானால் முதல்நாள் மாலைக்குள் நம்மிடம் தெரிவிக்கக் கோருகிறோம். விடியற்கால வண்டியைப் பிடிக்க வேண்டும். ரீலில் 0.35 சுற்றி, எட்டு மீட்டர் லீடரும் முடிந்து வைத்திருக்கிறோம். இறாலுக்கும் தேநீருக்கும் அவர் பொறுப்பு.