அசல் கிரிஸ்டலை அறிவது எப்படி? அறிந்தபின் செய்ய வேண்டியது என்ன?

திருமணத்திற்கோ புதுமனை புகுவிழாவிற்கோ பரிசாக வந்த கிரிஸ்டல் கிண்ணங்களும் கோப்பைகளும் பல இல்லங்களில் கண்ணாடி அலமாரிக்குள் பத்திரமாக இருக்கின்றன. விருந்தினர் வரும் நாள்களில் அவை வெளியே எடுக்கப்படுகின்றன. வீட்டில் ஒருவர் நோயுற்றிருக்கும்போது, அவருக்குப் பழச்சாற்றை நல்ல கோப்பையில் தர வேண்டும் என்னும் அன்பினால் அவையே பயன்பாட்டுக்கு வருவதும் உண்டு. அந்த அன்பில் குறையில்லை. ஆயினும் பாத்திரத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அசல் கிரிஸ்டலுக்குக் கனத்தையும் ஒளியையும் இனிய ஓசையையும் தருகின்ற பொருள் பெரும்பாலும் காரீயமே ஆகும். ஆகவே, அசலைக் கண்டறியும் அதே அடையாளங்கள், அப்பாத்திரத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தலாகாது என்பதையும் நமக்கு உணர்த்துகின்றன.

கிரிஸ்டல் என்பது எது?

இயற்கையில் கிடைக்கும் ஸ்படிகம் ஒரு கனிமம். அதன் அணுக்கள் ஒழுங்கான அடுக்கமைப்பில் நிற்பவை. கடைகளில் கிரிஸ்டல் என்று விற்கப்படும் பாத்திரமோ கண்ணாடிதான். அதனுள் அத்தகைய அடுக்கமைப்பு இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரை அடுத்த முரானோ தீவின் கைவினைஞர்கள், ஸ்படிகத்தைப் போல நிறமற்றுத் தெளிந்த கண்ணாடியை உருவாக்கி, அதற்கு ஸ்படிகத்தின் பெயரையே சூட்டினர். அப்பெயரே இன்றுவரை நிலைத்திருக்கிறது.

1674இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் புதிய வகைக் கண்ணாடி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதைச் செம்மைப்படுத்தும் முயற்சியில் அவர் கண்ணாடிக் கலவையில் காரீய ஆக்சைடைச் சேர்த்தார். சாதாரணக் கண்ணாடி மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை உருக்கிச் செய்யப்படுவது. அக்கலவையில் காரீயம் சேரும்போது கண்ணாடி குறைந்த வெப்பத்தில் உருகுகிறது. மென்மையாகி, வெட்டி அணி செய்ய இடம் தருகிறது. ஒளியை மிகுதியாக வளைத்து வண்ணங்களாகச் சிதறச் செய்கிறது.

இங்கே ஒரு சொல்விளக்கம் தேவை. தமிழில் ஈயம் என்னும் ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். கிரிஸ்டலில் கலப்பது காரீயம். உடலுக்குத் தீங்கு செய்வது இரண்டாவதே.

சட்டம் கூறும் அளவுகள்

தெளிவான கண்ணாடி எதையும் கிரிஸ்டல் என்று விற்பது வணிகத்தில் பரவலான வழக்கம். எனவே பெட்டியில் அச்சிட்ட பெயர் மட்டும் சான்றாகாது. ஐரோப்பாவில் 1969இல் வகுக்கப்பட்ட விதிமுறை இதனை நான்கு வகைகளாகப் பிரித்துள்ளது.

முதல் வகையில் காரீய ஆக்சைடு 30 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதன் அடர்த்தி, அதாவது ஒரு மில்லிலிட்டர் கன அளவுக்குரிய எடை, 3.00 கிராமுக்குக் குறையலாகாது. இரண்டாம் வகையில் காரீய ஆக்சைடு 24 விழுக்காடும் அடர்த்தி 2.90 கிராமும் குறைந்தபட்ச அளவுகள். இவ்விரு வகைகளுக்கும் வட்டமான பொன்னிற முத்திரை உரியது. மூன்றாம், நான்காம் வகைகளில் பேரியம், பொட்டாசியம் முதலியவற்றின் ஆக்சைடுகள் தனித்தோ சேர்ந்தோ 10 விழுக்காடு இருந்தால் போதும். இவற்றில் காரீயம் சிறிதளவு இருக்கலாம், அறவே இல்லாமலும் இருக்கலாம். மூன்றாம் வகைக்குச் சதுரமான வெள்ளி நிற முத்திரையும், நான்காம் வகைக்கு முக்கோண வெள்ளி நிற முத்திரையும் இடப்படுகின்றன. காரீயம் இல்லை என்று தயாரிப்பாளரே வெளிப்படையாக எழுதியிருக்கும் கிரிஸ்டலும் இன்று கிடைக்கிறது.

வீட்டிலேயே அறியும் வழிகள்

கனம்: ஒரே அளவும் தடிப்பும் உள்ள சாதாரணக் கண்ணாடிக் கோப்பையோடு ஒப்பிட்டால், காரீயக் கிரிஸ்டல் கையில் கனமாகத் தெரியும்.

ஓசை: கோப்பையின் காலைப் பிடித்துக்கொண்டு, விளிம்பை விரல் நகத்தால் மெல்லத் தட்ட வேண்டும். கிரிஸ்டல் கணீரென்று ஒலித்து, அவ்வொலி சிறிது நேரம் நீடிக்கும். சாதாரணக் கண்ணாடியின் ஒலி உடனே அடங்கிவிடும். தடித்த கிண்ணங்களும் தட்டுகளும் அசலாகவே இருந்தாலும் இவ்வாறு ஒலிப்பதில்லை. எனவே ஓசை ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது.

நிறம்: வெள்ளைத் தாளின் மீது வைத்து விளிம்பின் வழியே உற்று நோக்கினால், சாதாரணக் கண்ணாடியில் மெல்லிய பச்சைச் சாயல் தென்படும். நல்ல கிரிஸ்டலில் அச்சாயல் இராது. சூரிய ஒளியில் திருப்பிப் பார்த்தால் வெட்டு முகங்களில் வானவில்லின் வண்ணங்கள் சிதறும்.

வேலைப்பாடு: கையால் வெட்டப்பட்ட கோலங்களின் முனைகள் கூர்மையாகவும், பள்ளங்கள் வழவழப்பாகவும் இருக்கும். அச்சில் அழுத்தி வார்த்த பாத்திரத்தில் முனைகள் மழுங்கியிருக்கும். அச்சின் இரு பாகங்கள் இணைந்த கோடு பக்கவாட்டில் மெல்லிய தழும்பாகத் தெரியும். தரமான பாத்திரத்தில் காற்றுக் குமிழிகள் அரிதாகவே காணப்படும். கோப்பையின் விளிம்பு மெல்லியதாக, புடைப்பின்றி இருக்கும்.

முத்திரை: பிரான்சில் 1764இல் தோன்றிய பக்காரா, அயர்லாந்தில் 1783இல் தோன்றிய வாட்டர்ஃபோர்டு போன்ற பெயர்பெற்ற தயாரிப்புகளில் அடிப்பகுதியில் பெயர் நுண்மையாகப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மிகப் பழைய பாத்திரங்களில் அது இல்லாமலும் போகலாம். போஹீமியா என்னும் பெயர் செக் நாட்டின் ஒரு பகுதியைக் குறிப்பது. காரீயம் உண்டா இல்லையா என்பதை அப்பெயர் சொல்லாது.

அடர்த்தி: மேற்கண்ட வழிகளுள் உறுதி கிட்டாதபோது இது கைகொடுக்கும். முதலில் சமையலறைத் தராசில் கோப்பையின் எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தைத் தராசின் மேல் வைத்து, அளவைச் சுழியத்திற்குக் கொண்டுவர வேண்டும். கோப்பையை நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல், உள்ளே காற்று தங்காமல், முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். இப்போது தராசு காட்டும் கிராம் எண்ணே கோப்பையின் கன அளவை மில்லிலிட்டரில் தருகிறது. எடையை அவ்வெண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 435 கிராம் எடையுள்ள கோப்பைக்குத் தராசு 150 காட்டினால் அடர்த்தி 2.9 ஆகும். அதே கன அளவுள்ள சாதாரணக் கண்ணாடிக் கோப்பை ஏறத்தாழ 375 கிராம்தான் இருக்கும். அதன் அடர்த்தி 2.5. விடை 2.9ஐ எட்டினால் காரீயம் இருப்பதாகவே கொண்டு நடந்துகொள்வது நன்று.

காரீயம் உணவில் கலப்பது எவ்வாறு?

கண்ணாடிக்குள் பிணைந்திருக்கும் காரீயம் தொடுவதால் உடலுக்குள் செல்வதில்லை. அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதாலும் தீங்கு இல்லை. ஆனால் புளிப்பான நீர்மம் அக்கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, நீர்மத்திலுள்ள அமிலம் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து காரீயத்தைச் சிறிது சிறிதாக வெளியே இழுக்கிறது. புளிப்பு மிகுந்தால் கசிவும் மிகும். வெப்பமும் நேரமும் கூடினால் அது மேலும் பெருகும். காரீயத்திற்கு நிறமோ மணமோ இல்லை. ஆகவே சுவைத்து அறிய இயலாது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1991இல் லான்செட் மருத்துவ இதழில் இதுபற்றி வெளியிட்ட முடிவுகள் கருதத்தக்கவை. கிரிஸ்டல் குடுவையில் ஊற்றியபோது ஒரு லிட்டருக்கு 89 மைக்ரோகிராம் காரீயம் கொண்டிருந்த திராட்சை மது, 4 மாதங்களில் 3,518 மைக்ரோகிராமை எட்டியது. நெடுங்காலம் சேமிக்கப்பட்ட மதுவகைகளுள் ஒன்றில் அந்த அளவு 21,530 ஆக இருந்தது. கிரிஸ்டல் கோப்பைகளிலிருந்து சில நிமிடங்களிலேயே சிறிதளவு காரீயம் கசியத் தொடங்கியதையும் அவர்கள் கண்டனர். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடும் அளவு ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் மட்டுமே என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்த ஆய்வு மதுவைக் கொண்டு செய்யப்பட்டது. ஆயினும் கசிவுக்குக் காரணமான புளிப்பு நம் உணவிலும் நிறைந்திருக்கிறது. எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுச் சாறு, ஊறுகாய், வினிகர், புளிக்கரைசல், மோர் ஆகிய அனைத்தும் அமிலத்தன்மை கொண்டவையே.

மிகுந்த கவனம் தேவைப்படுவோர்

காரீயத்தில் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. எனினும் எல்லோருக்கும் அபாயம் ஒரே அளவினது அன்று.

குழந்தைகள், விழுங்கிய காரீயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உடலில் ஏற்றுக்கொள்கின்றனர். வளரும் மூளையை அது பாதிப்பதால் கற்கும் திறனும் கவனமும் குன்றுகின்றன. கருவுற்ற தாய்மாரின் எலும்பில் முன்பே தங்கியிருக்கும் காரீயம் கருவுற்ற காலத்தில் இரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடி வழியே சிசுவைச் சென்றடையக்கூடும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்தவர்களின் குடல் காரீயத்தை எளிதில் உறிஞ்சுகிறது. இரத்தசோகை உள்ளோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கும் உயர் இரத்த அழுத்தம் உள்ளோர்க்கும் காரீயம் கூடுதல் சுமையாகிறது. உடலுக்குள் நுழைந்த காரீயத்தின் பெரும்பகுதி எலும்பில் படிந்து பல்லாண்டுகள் தங்கிவிடுவதால், சிறிது சிறிதாகச் சேர்வதும் பொருட்படுத்தத் தக்கதே.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. காரீயக் கிரிஸ்டலில் எந்த உணவையும் பானத்தையும் சேமித்து வைத்தல் கூடாது. இரவில் ஊற்றி வைத்துக் காலையில் அருந்துவதும் சேமிப்பே ஆகும்.

2. ஊறுகாய்க்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் சாதாரணக் கண்ணாடிப் புட்டியோ பீங்கான் சாடியோ ஏற்றது.

3. நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் அன்றாடம் தருவதற்கு எவர்சில்வர் குவளையும் சாதாரணக் கண்ணாடிக் குவளையுமே சிறந்தவை. பச்சிளங்குழந்தைக்குப் பால் புகட்டக் கிரிஸ்டலை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

4. உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் விருந்து நாளில் கிரிஸ்டல் கோப்பையில் நீர் அருந்திவிட்டு உடனே கழுவி வைப்பதால் அஞ்ச வேண்டியதில்லை. படுக்கையருகே நாள் முழுதும் நீர் வைப்பதற்கு அது உகந்ததன்று.

5. உடைந்த விளிம்பை வீட்டில் அரம் கொண்டு தேய்த்துச் சரிசெய்ய முயலக் கூடாது. அப்போது எழும் தூளில் காரீயம் இருக்கும்.

6. காரீயம் உண்டா என்று துணிய முடியாத பாத்திரத்தைக் காரீயம் உள்ளதாகவே கருதி அழகுப்பொருளாக வைத்துக்கொள்ளலாம்.

முன்பே பயன்படுத்தியிருந்தால்

இதனைப் படித்ததும் கவலைகொண்டு பரிசுப் பாத்திரங்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எப்போதேனும் ஒருமுறை பயன்படுத்தியவர்களுக்குப் பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் தேவைப்படாது. நீண்ட நாள்கள் பழச்சாறோ ஊறுகாயோ சேமித்து உண்டிருந்தால், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அச்செய்தியைத் தவறாது கூற வேண்டும். வயிற்றுவலி, மலச்சிக்கல், ஓயாத களைப்பு, தலைவலி, இரத்தசோகை ஆகியன காரீயத்தால் வரக்கூடிய அறிகுறிகள். ஆனால் அவை வேறு பல நோய்களிலும் தோன்றுவன. எவ்வித அறிகுறியும் இன்றி இரத்தத்தில் காரீயம் இருப்பதும் உண்டு. ஐயத்தைத் தீர்ப்பது இரத்தப் பரிசோதனையே. காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன; அவற்றை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும். கழிவை நீக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளை நாடுதல் நன்றன்று. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் போதிய அளவில் உள்ள உணவு உறிஞ்சலைக் குறைக்க உதவும். சிறுநீரக நோய் உள்ளோர் தம் உணவுமுறையை மருத்துவரின் அறிவுரைப்படியே மாற்ற வேண்டும்.

கணீரென்று ஒலித்து, கனமாகக் கையில் அமர்ந்து, வெயிலில் வண்ணம் சிதறும் கிண்ணம் ஒன்று நம் வீட்டில் இருக்குமானால், அது பெரும்பாலும் அசலே. அதில் மலர்களை இட்டு நோயாளியின் கண்ணில் படும்படி மேசைமேல் வைக்கலாம். அவர் அருந்தும் பழச்சாறு மட்டும் எவர்சில்வர் குவளையில் இருக்கட்டும்.