குடலுக்குள் ஒரு காவற்படை

தோட்டத்து கேட்டில் நிற்கும் ஜாகாவின் வேலை என்ன? வருகிறவர் எல்லாரையும் விரட்டுவதா? அப்படி விரட்டினால் மளிகைச் சாமான் லோரியும் உள்ளே வராது. தபால்காரரும் திரும்பிப் போய்விடுவார். எல்லாரையும் விட்டுவிட்டாலோ, திருடனும் கூடவே நுழைந்துவிடுவான். ஆளறிந்து விடுவதும் தடுப்பதுமே ஜாகாவின் திறமை. நம் குடலும் இரவு பகலாக இதே வேலையைத்தான் செய்கிறது.

சிறுகுடல் மட்டுமே ஏறக்குறைய 20 அடி நீளம். நாம் உண்ணும் சோறும் குழம்பும் உடலுக்கு அந்நியப் பொருள்களே. போதாததற்குக் கோடானுகோடி கிருமிகளும் குடலில் குடியிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கு செய்யாதவை. பல நமக்கு உதவுபவை. ஆகவேதான் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும் பகுதி குடலை ஒட்டியே முகாமிட்டிருக்கிறது.

இந்தப் படையில் ஒரு சாரார் காலரா போன்ற நோய்க் கிருமிகளை எதிர்ப்பவர்கள். மற்றொரு சாரார், "இது உணவு, விட்டுவிடு" என்று அவர்களை அடக்குபவர்கள். இப்படி அடக்கும் அணுக்களைப் பற்றிய ஆய்வுக்காகத்தான் ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சிக்கும் அமெரிக்கர் இருவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த அடக்கம் தவறினால், நல்ல உணவே சிலருக்கு ஒவ்வாமையாகிவிடுகிறது.

பிறந்த குழந்தையின் காவற்படைக்கு இன்னும் பயிற்சி போதாது. அதற்குத் துணை யார்? தாயின் குடல்தான்! தாய் உண்ட உணவோடும் குடித்த நீரோடும் வந்த கிருமிகளை அவள் குடல் அடையாளம் கண்டுகொள்கிறது. அங்கே பாடம் கற்ற அணுக்கள் இரத்தத்தின் வழியாக மார்பை அடைந்து, அதே கிருமிகளுக்கு எதிரான பொருளைப் பாலில் கலக்கின்றன. எந்த லயத்தில் பிள்ளை வளரப் போகிறதோ, அந்த லயத்துக் கிருமிகளுக்கேற்ற காப்பு! டின்னில் வரும் பால்மாவில் இது கிடைக்குமா? தாய்ப்பாலில் உள்ள சிலவகைச் சர்க்கரைகள் குழந்தைக்குச் செரிப்பதில்லை. அவை குடலில் குடியேறும் நல்ல கிருமிகளுக்கு உணவாகின்றன.

இந்தக் காப்புப் பொருள் மிகுதியாக இருப்பது, முதல் சில நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில். அதைத்தான் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரும் தேனும் சேனையாகத் தொட்டு வைக்கும் பழக்கம் நம்மவர் சிலரிடம் இருந்து வந்தது. அன்போடு செய்ததுதான். ஆனால் சுத்தமில்லாத தண்ணீர் வயிற்றுப்போக்கைத் தரும். தேனிலோ, பச்சைக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கிருமி இருக்கக்கூடும். ஒரு வயது நிறையும்வரை தேன் வேண்டவே வேண்டாம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. டாக்டர் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, இதையே பின்பற்றுங்கள்.

பாட்டிமார்களே! பேரப்பிள்ளை பிறந்ததும் சர்க்கரைக் கிண்ணத்தைத் தேடாதீர்கள். பிள்ளையைத் தூக்கித் தாயின் மார்பில் சேருங்கள். அதைவிட நல்ல சேனை வேறில்லை.