தேநீர் கொண்டு வந்த பொம்மை



"நல்லா ஓடின கடிகாரத்தக் கழட்டிப் போட்டுட்டான். எவ்வளவு அடிச்சாலும் கேக்க மாட்டேங்கிறான்." லயத்துப் பக்கம் போனால் இப்படி ஒரு முறைப்பாடு நம் காதில் விழாமல் இருப்பதில்லை. அந்தக் கோபம் நியாயம்தான். சம்பளக் காசில் வாங்கிய கடிகாரம். ஆனால் அந்தப் பிள்ளையின் மனதில் இருந்தது "இது எப்படி ஓடுது?" என்ற ஒரு கேள்வி. கடிகாரத்தைப் பிறகும் வாங்கலாம். அடித்து விரட்டிய கேள்வி லேசில் திரும்பி வராது.

ரோபோ என்று சொன்னால், "அதெல்லாம் கொம்பியூட்டர் வைத்திருக்கிற டவுன் பிள்ளைகளுக்கு" என்று நம்மில் பலர் ஒதுங்கிக் கொள்கிறோம். ரோபோ என்றால் என்ன? நாம் முன்கூட்டியே சொல்லி வைத்த வேலையை, சொன்ன ஒழுங்கில், தானாகச் செய்யும் இயந்திரம். மின்சாரம் வருவதற்கு முன்பே மனிதர்கள் இப்படிப்பட்டவற்றைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஜப்பானில் தேநீர் பரிமாறும் மரப்பொம்மை ஒன்று இருந்தது. அதன் கைத்தட்டில் கோப்பையை வைத்தால் விருந்தாளியை நோக்கி நடக்கும். கோப்பையை எடுத்தால் நின்றுவிடும். திரும்ப வைத்தால் வந்த பக்கமே திரும்பிப் போகும். உள்ளே இருந்தது ஒரு சுருள்வில்லும் மரப் பல்சக்கரங்களும்தான். கோப்பையின் பாரமே "நட", "நில்" என்ற கட்டளை. 1796ஆம் ஆண்டு ஹொசோகாவா ஹன்சோ என்பவர் இதைச் செய்யும் முறையைப் படங்களோடு புத்தகமாக வெளியிட்டார்.

அந்த நாட்டில் 1799இல் பிறந்தவர் தனாகா ஹிசாஷிகே. ஆமை ஓட்டில் கைவேலை செய்யும் ஒருவரின் மகன். அம்பு எய்யும் பொம்மை செய்து பழகிய அதே கைதான் பிறகு அதிசயக் கடிகாரமும் நீராவி எஞ்சினும் செய்தது. 1875இல், 75 வயதில், டோக்கியோவில் அவர் திறந்த பட்டறை பிற்காலத்தில் தோஷிபா கம்பனியாக வளர்ந்தது.

இவர்களுக்கும் வெகுகாலம் முந்தியவர் ஹீரோன். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்தவர். பாரம் ஒன்று கீழே இறங்க, அதில் கட்டிய கயிறு அச்சைச் சுழற்ற, தானே ஓடும் வண்டியை அவர் விளக்கி எழுதியிருக்கிறார். கயிறு சுற்றிய விதத்தை மாற்றினால் வண்டி முன்னும் போகும், பின்னும் போகும். அதாவது, கட்டளை கயிற்றிலேயே இருந்தது.

இந்த வண்டியை நம் பிள்ளைகளும் செய்யலாம். ஒரு சிறு பலகை, சக்கரத்துக்கு ஜாம் போத்தல் மூடி நான்கு, அச்சுக்கு இரண்டு பென்சில், ஒன்றரை அடிக் குச்சி, நூல், குண்டூசி, பாரத்துக்குப் பழைய டோர்ச் பெட்டரி இரண்டு. இவ்வளவும் போதும்.

மூடிகள் அச்சோடு இறுக்கமாக இருக்க வேண்டும். அச்சு மட்டும் லேசாகச் சுழல வேண்டும். பின் அச்சின் நடுவில் குண்டூசியைக் குத்தி, நூலின் ஒரு முனையை அங்கே கட்டுங்கள். ஒரு பக்கமாகப் பத்துச் சுற்று. பிறகு நூலை ஊசியில் மாட்டி மடக்கி, எதிர்ப்பக்கமாக ஐந்து சுற்று. மறு முனையை, பலகையில் நட்ட குச்சியின் உச்சி வழியாக எடுத்துப் பெட்டரியில் கட்டித் தொங்க விடுங்கள். கையை விட்டதும் பாரம் இறங்கும். கடைசியில் சுற்றிய நூல் முதலில் அவிழும். வண்டி ஒரு பக்கம் போய், பிறகு தானே மறுபக்கம் ஓடும். மூடியில் துளை போடுவதைப் பெரியவர்கள் செய்து கொடுங்கள்.

முதல் தடவை வண்டி ஓடாமல் போகலாம். அப்போது நாம் கையைப் போட்டுச் சரி செய்யக் கூடாது. "ஏன் ஓடல்ல? நீயே பாரு" என்று கேளுங்கள். பாரம் போதாதா? சக்கரம் உரசுகிறதா? பிள்ளையே காரணத்தைத் தேடி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கட்டும். உண்மையான பாடம் அங்கேதான் இருக்கிறது. நாளைக்கு கொம்பியூட்டரில் கட்டளை எழுதும்போதும், பிழை வந்தால் இதே பொறுமையோடுதான் தேட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேக்டரியில் ஓடுகிற இயந்திரத்தின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். ஆனால் அங்கே வேலை செய்யும் தகப்பன்மார் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ரோலர் எப்படிச் சுற்றுகிறது என்று வாயால் சொல்லிக் கொடுக்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

வீட்டில் ஒரு பழைய பெட்டியை ஒதுக்கி, உடைந்த சாமான்களை அதில் போட்டு வையுங்கள். "இதக் கழட்டலாம், ஓடுறதத் தொடாதே" என்று சொல்லி வையுங்கள். கடிகாரமும் தப்பும், பிள்ளையின் கேள்வியும் தப்பும்.