வரப்பு மாறினால் சட்டம் மாறுவது ஏன்?



பாகூர் பக்கம் ஒரு கூட்டத்தில் நெற்பயிரைப் பற்றிப் பேசி முடித்து உட்கார்ந்தேன். பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, என் நிலத்தில் நான் போர் போட எதுக்கு ஆபீசுக்கு மனுக் கொடுக்கணும்? வரப்புக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். அங்கே சட்டம் வேறயாம். மண்ணும் ஒண்ணு, தண்ணியும் ஒண்ணு. சட்டம் மட்டும் ஏன் ரெண்டு? அதையும் அடிக்கடி மாத்துறாங்களே!" என்றார்.

நியாயமான கேள்விதான். உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும். ஆகவே இன்று அதையே பேசுவோம்.

முதலில், சட்டம் எதற்கு? 1882-இல் அன்றைய சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் வந்தது. நிலத்துக்கு அடியில் தனி ஓடையாக ஓடாமல் ஊறி நிற்கும் தண்ணீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்று அது சொன்னது. அந்தக் காலத்துக்கு அது பொருத்தம். கவலை இறைத்த மாடு மத்தியானத்துக்குள் களைத்துவிடும். மாடு இளைப்பாறும் நேரத்தில் கிணறு ஊறிவிடும். மின்சார மோட்டாருக்குக் களைப்பு ஏது? ஒருவர் 200 அடியில் இறைத்தால் பக்கத்துக்காரர் 300 அடிக்குப் போகிறார். பழைய கிணற்றை நம்பிய சிறு விவசாயி வெறும் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நமக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் புதுவைக்குக் கிழக்கே கடல். நிலத்தடியில் நல்ல தண்ணீர் நிறைந்திருக்கும்வரை அது உப்புத் தண்ணீரை உள்ளே வரவிடாமல் தள்ளி நிற்கும். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு உள்ளே புகுந்துவிடும். ஒருமுறை புகுந்தால் ஒரு மழையிலே இரண்டு மழையிலே போகிற காரியமில்லை.

இதை ஒருவர் மட்டும் கட்டுப்பாடாக இருந்து தடுக்க முடியாது. நான் மோட்டாரை நிறுத்தினால் பக்கத்து மோட்டார் ஓடும்; நஷ்டம் எனக்குத்தான். ஏரித் தண்ணீர் குறைந்தால் ஊர் கூடி முறை வைத்துப் பாய்ச்சுகிறோம் அல்லவா? அந்த முறையை ஊருக்கு ஊர் என்றில்லாமல் முழுப் பகுதிக்கும் எழுதி வைத்தால் அதுதான் சட்டம்.

சரி, இரண்டு சட்டம் ஏன்? நம் அரசியல் சாசனத்தில் மூன்று பட்டியல்கள் உண்டு. இராணுவம், ரயில் போன்றவை மத்தியப் பட்டியலில். விவசாயமும் தண்ணீரும் மாநிலப் பட்டியலில். இருவருக்கும் பொதுவானவை மூன்றாவது பட்டியலில். ஆகவே நிலத்தடி நீருக்கு மத்திய அரசு ஒரு மாதிரி மசோதாவை எழுதி, 'உங்கள் ஊருக்கு ஏற்றபடி சட்டம் செய்துகொள்ளுங்கள்' என்று மாநிலங்களுக்கு அனுப்பியது. 1970-இல் முதலில் அனுப்பி, 1992, 1996, 2005 ஆகிய ஆண்டுகளில் அதைத் திருத்தியும் அனுப்பியது.

புதுவையின் கதை கொஞ்சம் வேறு. 1954 நவம்பர் 1 வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி. சட்டப்படியான முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான். 1963-இல் பாராளுமன்றம் செய்த சட்டத்தால் நமக்குச் சட்டசபை கிடைத்தது. மாநிலப் பட்டியலில் உள்ள விஷயங்களுக்கு அது சட்டம் செய்யலாம். ஆனால் பாராளுமன்றச் சட்டத்தோடு மோதினால் பாராளுமன்றச் சட்டமே நிற்கும். மசோதா நிறைவேறியதும் துணைநிலை ஆளுநரிடம் போகும். அவர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி வைப்பதும் உண்டு. நம் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுச் சட்டம் 2002-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாடு 2003-இல் தனியாக ஒன்று செய்தது. அது நடைமுறைக்கே வராமல் 2013-இல் நீக்கப்பட்டுவிட்டது. கிணறு தோண்ட அங்கேயும் வேறு விதிகள் உண்டு. கட்டுப்பாடே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். வரப்பில் சட்டம் மாறிய காரணம் இதுதான். தண்ணீருக்கோ எல்லைக்கல் தெரியாது!

இனி, ஏன் மாற்றுகிறார்கள்? பஞ்சாபைப் பாருங்கள். கோடை வெயிலில் நடவு செய்து தண்ணீரை வற்றடித்தார்கள். 2009-இல் அங்கே சட்டம் வந்தது. மே 10-க்கு முன் நாற்றங்கால் விடக்கூடாது, ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்றார்கள். தேதியை மாற்றும் அதிகாரம் அரசுக்கு இருந்தது. 2018-இல் ஜூன் 20 என்று தள்ளினார்கள். தண்ணீருக்கு அது நல்லது. ஆனால் அறுவடை தள்ளிப்போய், கோதுமை விதைக்க நாள் குறைந்தது. வைக்கோலை வயலிலேயே கொளுத்தும் அவசரம் கூடியது. மறு ஆண்டு ஜூன் 13-க்கு இறக்கினார்கள். ஒரு பூச்சிக்கு மருந்து அடித்தால் இன்னொரு பூச்சி தலைகாட்டுகிறது. நாம் மருந்தை மாற்றுகிறோம். சட்டமும் அப்படித்தான். வயலில் போட்டுப் பார்த்தால்தான் குறை தெரியும்.

குறையைச் சொல்ல வேண்டியவர் யார்? நீங்கள்தான். அன்று அந்தப் பெரியவர் கடைசியில் ஒன்று சொன்னார்: "முன்னாடி ஆழமாப் போட்டவன் இறைச்சிக்கிட்டே இருக்கான். இப்போ போட வர்ற ஏழைக்குத்தான் மனு, படிவம் எல்லாம்." இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. ஆனால் திருத்தம் பிறப்பது இப்படிப்பட்ட நியாயமான குறையிலிருந்துதான். திண்ணையில் பேசினால் அது பேச்சோடு போய்விடும். ஊரார் கையெழுத்திட்டு எழுதி, உங்கள் சட்டசபை உறுப்பினரிடம் கொடுங்கள். நாம் தேர்ந்தெடுக்கும் 30 பேரும் அங்கே உட்காருவது இதற்காகத்தான்.

அதுவரை ஒரு வேண்டுகோள். போர் லாரியைக் கூப்பிடுமுன் நில ஆவணத்தோடு வேளாண்மை அலுவலகத்துக்கு வாருங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்று போர்க்காரர் சொல்லுவார். கடன் வாங்கிப் போட்ட போரில் உப்புத் தண்ணீர் வந்தால் கடனை அவர் கட்டமாட்டார். போன வருஷத்து விதி இந்த வருஷமும் அப்படியே இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

நிலம் நம்முடையது. அடியில் உள்ள தண்ணீர் நம் பிள்ளைகளுக்கும், பக்கத்து வயல்காரரின் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.