ஆகோள்: இலக்கணம் சொன்னதும் கல் காட்டியதும்

தமிழர் வீரம் என்றதும் யானைப் போரும் கோட்டை முற்றுகையுமே நம் நினைவில் எழுகின்றன. தொல்காப்பியமோ புறத்திணைகளுள் வெட்சியை முதற்கண் வைக்கிறது. பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்து வருதலே வெட்சியாகும். ‘மாட்டைக் கவர்வது களவன்றோ? அது வீரமாவது எவ்வாறு?’ என்று வகுப்பறையில் ஒரு மாணவர் வினவலாம். தொழிற்சாலைகளும் வானூர்தி நிலையமும் சூழ்ந்த பாயான் லெப்பாசில் வளரும் பிள்ளைகளுக்கு இவ்வையம் தோன்றுவது இயல்பே. அதற்குரிய விடையை ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம்.

அச்சொல் ‘ஆகோள்’. ஆ என்பது பசு. கோள் என்பது கொள்ளுதல். வெட்சித் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் இதனைச் சுட்டுகிறது. 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் உயிர்நீத்த தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். இலக்கண நூலில் நாம் பயிலும் அதே சொல் கல்லிலும் நின்றது. வெட்சி வெறும் புலவர் கற்பனை அன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

ஆநிரைக்காக உயிரையும் கொடுத்தது ஏன்? மேய்ச்சல் வாழ்வில் மாடே செல்வம். ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் அப்பொருளிலேயே அதனை ஆள்கிறார்.

இவ்வாழ்வை இன்றும் ஓரளவு காணத்தக்க இடம் கிழக்கு ஆப்பிரிக்கா. கென்யாவிலும் தான்சானியாவிலும் வாழும் மாசாய் மக்கள், உலகத்து மாடுகளையெல்லாம் தங்கள் கடவுளாகிய என்காய் தங்களுக்கே அளித்ததாக நம்பினர். ஆகவே, பிறர் நிரையைக் கொணர்வதை அவர்கள் களவாகக் கருதவில்லை. ‘மொரான்’ எனப்படும் அவர்தம் இளம் வீரர்க்கு நிரை கவர்தலைப் போலவே, அரிமாவிடமிருந்தும் பகைவரிடமிருந்தும் நிரையைக் காத்தலும் கடமையாயிற்று.

தமிழ் மரபும் காத்தலை மறக்கவில்லை. கவர்ந்த ஆநிரையைக் கொணர்ந்து பேணுதலையும் சேர்த்தே தொல்காப்பியம் வெட்சிக்கு இலக்கணம் வகுக்கிறது. நிரை மீட்டலாகிய கரந்தையைப் புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாகவே கொள்கிறது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரன் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு கூறுகிறது. காத்தது நாயாயினும் அதன் பெயரையும் பொறித்து வைத்த சமூகம் அது.

மாண்டவனுக்குக் கல் எடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் வகைப்படுத்துகிறது. சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்துக் காதைப் பெயர்களை இதனோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என அதே நிரல் அங்கும் வருகிறது. வீரனுக்குரிய கல்வழிபாட்டு மரபை, நீதி கேட்ட ஒரு பெண்ணுக்கு உரியதாக்கினார் இளங்கோவடிகள். போர்க்களத்தில் பிறந்த மரபு இவ்வாறு அறத்தின் மரபாக விரிந்தது.

மாசாய் மரபும் மாறி வருகிறது. வீரப்பருவத்தின் சடங்குகளை யுனெசுகோ 2018ஆம் ஆண்டு உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அரிமா வேட்டையால் பெற்ற பெருமையை இளைஞர் விளையாட்டால் பெறும்பொருட்டு, கென்யாவில் 2012 முதல் மாசாய் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறுகின்றன. அங்கே ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் வீரம் அளக்கப்படுகிறது.

எனவே, வெட்சியைக் கற்பிக்கும் ஆசிரியர் களவு என்னும் ஐயத்தை விலக்க வேண்டுவதில்லை; அதனையே வாயிலாகக் கொள்ளலாம். எவன் கவர்ந்தான் என்பதோடு, எவன் காத்தான், எவன் பெயரை ஊரார் கல்லில் எழுதினர் என்றும் மாணவரை வினவச் செய்யலாம். பூப்பெயர்களை மனப்பாடம் செய்து மறக்கும் மாணவரும், கோவிவனை எளிதில் மறவார்.