கடையில் துப்பாக்கியைக் கையில் எடுக்குமுன்

துப்பாக்கிக் கடைக்குச் செல்பவர் அங்குள்ள துப்பாக்கிகளை எடுத்துப் பார்க்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய முறைகளைப் பற்றி இன்று சில சொல்லலாம் என்று எண்ணுகின்றேன். நெல்லும் வாழையும் தென்னையும் பேசப்படும் நாஞ்சில் நாட்டில் இப்பொருளுக்கு என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். ஆயினும் நம் மாவட்டத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் இல்லாமல் இல்லை. படையிலிருந்து ஓய்வு பெற்று வந்து வங்கிகளிற் காவற்பணி புரிவோர் தோளில் நாள்தோறும் அதைக் காண்கிறோம். மலையடிவாரத்துத் தோட்டக்காரர் சிலரிடமும் உண்டு. இவையன்றி, பாட்டனார் காலத்தில் வாங்கி, மச்சிலே சாக்கிற் சுற்றி வைக்கப்பட்டு, இன்று எவர் பொறுப்பு என்று எவரும் அறியாத துப்பாக்கிகளும் பழைய வீடுகளில் உண்டு. இவர்களெல்லாம் வாங்கவோ விற்கவோ பழுது பார்க்கவோ ஒப்படைக்கவோ என்றேனும் ஒருநாள் கடைக்குப் போக நேர்கிறது. தனியே போவாரும் அரியர். மைத்துனரோ மருமகனோ துணைக்கு உடன் போவார். வாங்க வந்தவர் விலையை விசாரித்துக்கொண்டிருக்கையில், துணைக்கு வந்தவரே துப்பாக்கியைக் கையில் எடுத்து ஒரு கண்ணை மூடிக் குறி பார்ப்பார். என் பேச்சு முக்கியமாக அவருக்கே.

நம் மண் வெடிமருந்துக்குப் புதிய மண் அன்று. 1741-ஆம் ஆண்டு குளச்சற் போரில் டச்சுக்காரரை மார்த்தாண்டவர்மா வென்றதும், அவர்களுள் ஒருவராகிய டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையிற் பழக்கியதும் நாம் அறிந்தவை. தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. 1777-இல் மறைந்த டிலனாய் அக்கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். அக்காலத்துச் சிப்பாய்க்கு மருந்து இடுவதும், குண்டு இடுவதும், இடித்து இறுக்குவதும் ஒவ்வொன்றும் கட்டளைக்கு உட்பட்ட தனித்தனி அசைவுகள். இதைப் பகைவனைக் கொல்லக் கற்பிக்கும் கல்வி என்றே பலரும் கருதுவர். தோளோடு தோள் நிற்கும் தோழனைக் கொல்லாதிருக்கக் கற்பிக்கும் கல்வி என்பதே அதில் பாதி என்பது என் கருத்து.

துப்பாக்கியால் வீட்டிலும் கடையிலும் நேரும் தீங்குகளுக்குப் பின்னே பெரும்பாலும் ஒரே சொல் நிற்கும். "காலியாகத்தான் இருக்கிறது" என்பதே அச்சொல். அதைச் சொல்பவர் பொய்யர் அல்லர். மெய்யென்று நம்பியே சொல்கிறார். அவர் பிறர் சொல்லக் கேட்டிருப்பார். அப்பிறரும் வேறொருவர் சொல்லக் கேட்டிருப்பார். கண்ணால் கண்டவர் எவரும் இருக்கமாட்டார்.

அமெரிக்க நாட்டில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் 2021 அக்டோபர் 21 அன்று 'ரஸ்ட்' என்னும் திரைப்படத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நடிகர் அலெக் பால்ட்வின் கையில், இதில் வெடிக்கும் தோட்டா இல்லை என்ற உறுதிமொழியோடு, ஒரு கைத்துப்பாக்கி வந்து சேர்ந்தது. அதனுள் மெய்யான தோட்டா ஒன்று இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் என்னும் அம்மையார் உயிரிழந்தார், இயக்குநர் காயமுற்றார். படப்பிடிப்பில் ஆயுதங்களுக்குப் பொறுப்பாயிருந்த பெண்ணுக்கு 2024-இல் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பொறுப்பாளர், உதவி இயக்குநர், நடிகர் என்று கைமாறிய இடத்தில் எல்லாம் சொல் மாறிற்றே ஒழிய, தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்த கண் இல்லாமற் போயிற்று.

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் கூறலாம். 2024 அக்டோபர் 1 அன்று மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தா தமது உரிமம் பெற்ற ரிவால்வரினாலேயே காலிற் சுடப்பட்டார். எடுத்து வைக்கும்போது கைதவறி வீழ்ந்து வெடித்தது என்று அவர் தரப்பிற் கூறப்பட்டது. அவர் பிழைத்தார். பழைய அமைப்புள்ள ரிவால்வர்கள் சிலவற்றில், நாம் 'குதிரை' என்று சொல்லும் அடிக்கும் உறுப்பு, தோட்டாவின் மேலேயே படிந்திருக்கும். அவ்வமைப்பில் கீழே விழும் அதிர்ச்சியே விசையை இழுத்ததற்குச் சமம்.

இனிக் கடைக்குள் செல்வோம். மேசைமேல் இருப்பதையோ சுவரில் சாத்தியிருப்பதையோ கேளாமல் தொடலாகாது. புத்தகக் கடையில் நூலை எடுத்துப் புரட்டுவது போன்ற உரிமை இங்கு இல்லை. கடைக்காரரிடம் கேளுங்கள். நல்ல கடைக்காரர் அதை எடுத்து, வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, திறந்து, உள்ளே பார்த்து, திறந்தபடியே உங்களிடம் தருவார். வாங்கியவுடன் நீங்களும் பாருங்கள். ஒற்றைக் குழலாயினும் இரட்டைக் குழலாயினும், மடக்கித் திறக்கும் வகையானால் மேல்நெம்பைத் தள்ளியதும் குழல் மடங்கிப் பின்வாய் தெரியும். ஒளி மறுபுறம் ஊடுருவித் தெரிய வேண்டும். தோட்டாக்கூடு உள்ள வகையானால், முதலிற் கூட்டைக் கழற்றிவிட்டுப் பின்னரே அறையைத் திறந்து பார்க்க வேண்டும். வரிசை மாறினால் பயனில்லை. அறையிலிருந்து ஒன்றை வெளியேற்றிவிட்டு மூடும்போது கூட்டிலிருந்து இன்னொன்று ஏறிக்கொள்ளும். கண்ணுக்கு எட்டாத இருளாயிருந்தால் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

கடைக்காரர் அப்பொழுதுதான் பார்த்தாரே, நாமும் பார்த்தால் அவரை நம்பாதது போல் ஆகாதா என்று கூச்சப்படுவோர் உண்டு. அக்கூச்சம் வேண்டா. பள்ளிகளில் தேசிய மாணவர் படையினர்க்கு .22 ரைபிளிற் பயிற்சி தரும்போது, சுடுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மாணவனும் அறையைத் திறந்து காட்டியே தீரவேண்டும். பதினான்கு வயதுச் சிறுவர் மானக்குறைவு என்று கருதாத ஒன்றை நாற்பது வயதினர் ஏன் கருத வேண்டும்?

திறந்து பார்த்தாயிற்று, காலிதான். இனி எப்பக்கமும் திருப்பலாமோ எனின், ஆகாது. குழல்வாய் எந்த மனிதரையும், உங்கள் காலையும், எதிர்ப்படக் கூடாது. நீண்ட துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பொருத்தம் பார்ப்பது வாங்குபவருக்குத் தேவையே. ஆனால் எப்பக்கம் நோக்கிப் பார்ப்பது என்று கடைக்காரரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சுவர்தானே என்று நாமாக முடிவு செய்வது தவறு. சுவருக்கு அப்பால் ஒரு தையற்கடை இருக்கலாம். பலகைத் தடுப்பு ரைபிள் குண்டைத் தடுக்காது. குண்டு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு துயர நிகழ்ச்சி உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கு அருகே, பாதுகாப்புப் படையினரின் சுடுபயிற்சித் தளத்திலிருந்து தப்பி வந்த குண்டு, ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் பாட்டனார் வீட்டில் உணவருந்திக்கொண்டிருந்த பதினொரு வயதுச் சிறுவன் தலையிற் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். அதுவோ மலைச்சரிவை அரணாகக் கொண்டு அமைக்கப்பட்ட பயிற்சித் தளம்.

விரல் விசைக்கு வெளியே, குழலுக்கு இணையாக நீட்டியிருக்க வேண்டும். விசை எவ்வளவு கனமாக இருக்கிறது என்று இழுத்துப் பார்க்க விரும்பினால் கடைக்காரரின் இசைவு பெற வேண்டும்; போலித் தோட்டா இட்டு இழுக்கச் சொல்வார். வெற்றறையில் அடித்தால் பழைய துப்பாக்கிகளில் அடிக்கும் ஊசி முறிவதுண்டு. பாதுகாப்புத் தடையைப் போட்டிருக்கிறேன் என்பதும் முழு விடை ஆகாது. இரட்டைக் குழல் துப்பாக்கிகள் பலவற்றில் அத்தடை விசையை மட்டுமே பூட்டுகிறது; உள்ளே நாணேறி நிற்கும் உறுப்பை அது பிடித்து வைப்பதில்லை.

தோட்டா வாங்கச் செல்வோர் எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டும். 12 போர் என்பதன் பொருள் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம பங்காக்கி, ஒரு பங்கை உருண்டையாக்கினால், அவ்வுருண்டையின் விட்டமே குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். இருபது பங்காக்கினால் உருண்டை சிறுக்கும். ஆதலின் 20 போர் என்பது 12 போரினும் சிறியது. எண் பெருகக் குழல் சிறுக்கும் இக்கணக்கை மாணவர்க்குச் சொன்னால் மகிழ்வர். ஆனால் இதிலேயே ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. 20 போர்த் தோட்டா ஒன்று தவறி 12 போர்க் குழலில் விழுந்தால், அறையைக் கடந்து முன்னே சென்று சிக்கிக்கொள்ளும். அறை வெறுமையாகவே தோன்றும். பின்னால் 12 போர்த் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் பிளந்து, தாங்கும் இடக்கையைச் சிதைத்துவிடும். இக்காரணம் பற்றியே 20 போர்த் தோட்டாக்களை மஞ்சள் நிறத்திற் செய்யும் வழக்கம் ஏற்பட்டது. ஒளி மறுபுறம் தெரியவேண்டும் என்று மேலே நான் சொன்னதும் இது கருதியே. பாட்டனார் துப்பாக்கிக்குத் தோட்டா வாங்குவோர் நீளத்தையும் கேட்டறிய வேண்டும். பழைய அறைகள் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமைந்தவை. 70 மில்லிமீட்டர்த் தோட்டாவும் அதனுள் தடையின்றி நுழையும். ஏனெனில் அந்த நீளம் வெடித்து விரிந்தபின் அளந்த நீளம். நுழைந்துவிட்டது என்பதால் பொருந்திவிட்டது என்று ஆகாது.

இதுவரை கூறியவை திறந்து பார்க்கத்தக்க துப்பாக்கிகளுக்கு. வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கோலால் இடித்து இறுக்கும் நாட்டுத் துப்பாக்கிக்குத் திறப்பே இல்லை. மேற்குத் தாலுகாக்களில் 'தோக்கு' என்று முதியோர் சொல்வது பெரும்பாலும் இதனைத்தான். பின்புறம் அடைபட்ட இரும்புக் குழல். ஓரத்தில் கேப்பு வைக்க ஒரு சிறு முனை. உள்ளே மருந்து இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்து எவரும் சொல்ல இயலாது. கேப்பு இல்லை, ஆகவே காலி என்பதும் பிழையான முடிவே. குறி வைத்த விலங்கு ஓடிப்போயிருக்கலாம். கேப்பை மட்டும் எடுத்துவிட்டுத் துப்பாக்கியைச் சாத்தி வைத்திருக்கலாம். வைத்தவர் மறுமாதமே இறந்திருக்கலாம்.

நாற்பது ஆண்டு கிடந்த மருந்துக்கு இன்னும் வீரியம் இருக்குமா என்று கேட்பீர்கள். இருக்கும். கரிமருந்து என்பது நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பும் 15 பங்கு கரியும் 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கலவை. ஈரம் படாதவரை இம்மூன்றும் கெடுவதில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் பீரங்கிக் குண்டு ஒன்றைத் துப்புரவு செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர் ஒருவர், 2008-இல் விர்ஜீனியா மாநிலத்தில் அது வெடித்து மாண்டார். போர் முடிந்து நூற்று நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அறிந்த கடைக்காரர் இதனை ஆராயும் முறை எளியது. முதலில் கேப்பு இருந்தால் அகற்றிவிடுவார். பின், முகத்தையும் கையையும் வாய்க்கு நேரே கொண்டு செல்லாமல், கோலை மெல்ல உள்ளே விட்டு, அது நின்ற இடத்தில் வாயோடு ஒட்டி ஓர் அடையாளம் இடுவார். கோலை வெளியே எடுத்துக் குழலின் மேற்புறத்தில், அடையாளம் வாய்க்கு நேராக வருமாறு கிடத்துவார். கோலின் நுனி கேப்பு முனை வரை எட்டினால் உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு மூன்று அங்குலம் எட்டாமல் நின்றால் அவ்வளவு இடத்தில் ஏதோ அடைபட்டிருக்கிறது. மருந்தென்றே கொள்ள வேண்டும். அதை வெளியேற்றுவது தொழில் அறிந்தவர் வேலை. நாமாகக் குடைவதும், தட்டுவதும், காயவைக்கிறேன் என்று அடுப்பருகே வைப்பதும் கூடா.

இத்தகைய துப்பாக்கி மச்சில் அகப்பட்டால் அதைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறிக் கடைக்குப் புறப்படலாமோ? ஆகாது. உரிமம் இல்லாதவர் அதைக் கொண்டு செல்வதே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். உரிமம் பெற்றவர் இறந்தாலும், உரிமக் காலம் முடிந்தாலும், தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, விதிகளுக்கு உட்பட்டு உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறுகிறது. இருந்த இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டி, காவல் நிலையத்துக்குச் செய்தி சொல்வதே முறை. இதனால் இன்னொன்றும் விளங்கும். துப்பாக்கிக் கடையில் இருப்பவை எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்த புதியவை அல்ல. பல வீடுகளிலிருந்து, பல கைகள் மாறி, என்ன நிலையில் என்று தெரியாமல் வந்து சேர்ந்தவையும் அங்கே உண்டு. "அண்ணாச்சி, இது நேற்று வந்தது, இன்னும் பார்க்கவில்லை" என்று கடைக்காரர் சொன்னால், கையைப் பின்னே கட்டிக்கொள்ளுங்கள்.

பழுது பார்க்கத் தம் துப்பாக்கியைக் கொண்டு செல்பவர் வீட்டிலேயே தோட்டாவை நீக்கி, உறையிலிட்டு, உரிமத்தையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். தோட்டா தனியே இருக்கட்டும். கடை வாசலில் உறையைப் பிரிப்பதும், உள்ளே நுழையும்போதே கையில் ஏந்தி வருவதும் வேண்டா. உறையோடு மேசைமேல் வைத்து, கடைக்காரர் பார்க்கத் திறக்க வேண்டும். குழந்தைகளை இத்தகைய கடைக்கு அழைத்துச் செல்லாதிருப்பதே நலம்.

புதிதாக உரிமம் வேண்டுவோருக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றையும் வகுத்திருக்கின்றன. அதை ஒரு சான்றிதழுக்காக மட்டும் கற்போர் இருப்பர். ஆயினும் கற்பது கற்றதே. விண்ணப்பிப்பவர் இருபத்தொரு வயது நிரம்பியவராயிருத்தல் வேண்டும். 2019-இல் செய்த திருத்தத்தின்படி பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருத்தலும் ஆகாது.

பார்த்து முடித்ததும், எடுத்தபோது இருந்தவாறே திறந்த நிலையிற் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். அவர் எண்ணெய்த் துணியால் அதைத் துடைப்பார். நம் கடற்காற்றில் கைவியர்வை பட்ட இரும்பு விரைவில் துருவேறும். ஆகவே உலோகத்தைத் தொடாமல் கட்டையைப் பிடித்துக் கொடுப்பவரை அவர் விரும்புவார். வாங்குவதென்று முடிவானால், குழலில் வெட்டியுள்ள எண்ணும் உரிமத்திற் பதியும் எண்ணும் ஒன்றாயிருக்கின்றனவா என்று கடையை விட்டு இறங்குமுன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.